ஆயனில்லா மந்தையைத் தேடி வந்தவர்

(எமது ஆலயப் பொன்விழாவுக்கு ஆயத்தமாக நடைபெற்ற முந்நாள் தியானத்தின் இரண்டாம் நாள் மாலையில் பங்குத்தந்தை அவர்கள் ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் ஆலயச் சுவருக்கு வர்ணம் பூசுவதும், கோபுரத்துக்கு மின்விளக்குச் சோடனை செய்வதும், மலர் வெளியிடுவதும் எமது நினைவுக்கு வருகின்றன. இவையெல்லாம் நல்லவையே. நன்றியுள்ள பிள்ளைகள் தாயின் பிறந்தநாளைக் கொண்டாடாமல் இருப்பதில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வாலயத்துக்கு அடிக்கல் நாட்டியவர்கள் தமது விசுவாசத்தை எங்கிருந்து பெற்றார்கள்? அவர்களுடைய பாட்டன் பூட்டன்மாருக்கு அதனைக் காத்துக் கொடுத்தவர் யார்? இக்கேள்வியைக் கேட்டுப் பின்னோக்கிச் செல்வோமானால், எமது நாட்டின் எந்தக் கத்தோலிக்கக் குடும்பமும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மெலிந்த, வெறுங்காலோடு நடந்த குருவானவரின் முன்னால் போய் நிற்கும். அவரே இலங்கையின் அப்போஸ்தலர் என்று நாம் போற்றும் புனித யோசேவாஸ் அடிகளார். இன்று மாலை அன்னாருடைய வாழ்வைப் பற்றி உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

பூட்டப்பட்ட கோவில்கள்

அடிகளார் வந்த காலத்தில் எமது திருச்சபை எந்நிலையில் இருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். போர்த்துக்கேயர் ஆண்ட காலத்தில் கரையோரமெங்கும் கோவில்கள் இருந்தன, குருக்கள் இருந்தனர், அரசின் ஆதரவும் இருந்தது. 1656ஆம் ஆண்டு கொழும்பும், 1658ஆம் ஆண்டு மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு வந்தன. ஒல்லாந்தர் கல்வினின் போதனையைப் பின்பற்றிய சீர்திருத்த சபையினர். கத்தோலிக்க மறை அவர்களுக்குத் தம் எதிரியாகிய போர்த்துக்கேயரின் மறை. ஆதலால் குருக்கள் எல்லோரையும் நாட்டை விட்டு அகற்றினர். குருவானவர் ஒருவருக்குப் புகலிடம் கொடுப்பவனுக்கு மரணதண்டனை என்று பறைசாற்றினர். கத்தோலிக்கக் கோவில்கள் அவர்களுடைய செபக் கூடங்களாகவும் பாடசாலைகளாகவும் மாறின.

இத்தோடு நின்றுவிடவில்லை. பிள்ளையின் ஞானஸ்நானமும், வாலிபனின் விவாகமும் அவர்களுடைய பாடசாலைத் தோம்பில் பதியப்பட வேண்டியிருந்தன. பதியாதவனின் விவாகம் சட்டப்படி செல்லாது. அவன் பிள்ளைக்குத் தகப்பன் காணியில் உரிமை கிடைப்பதும் அரிது. அன்பர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாளுக்குப் பயப்படாத மனிதனும் காணிக்குப் பயப்படுவான். தன் உயிரைக் கொடுக்கத் துணிந்த தகப்பனும் தன் பிள்ளைகளின் பங்கைக் கொடுக்கத் தயங்குவான். அந்தச் சோதனையிலேதான் எமது முன்னோர் விழுந்தும் எழுந்தும் நடந்தனர். வெளியே ஒல்லாந்தரின் பதிவேட்டில் பெயரைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னவர்கள் எத்தனையோ பேர்.

1658 தொடக்கம் 1687 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இந்நாட்டில் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, மரணப்படுக்கையில் கிடந்தவனுக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. முப்பது ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை. ஒரு குருவானவரின் முகத்தைக் கூடக் காணாமல் பிறந்து, வளர்ந்து, மணமுடித்துத் தாமும் பெற்றோரானவர்கள் அக்காலத்தில் இருந்தனர்.

அவ்விசுவாசம் ஏன் அணைந்து போகவில்லை? தாய்மார் அணையவிடவில்லை. மூப்பர்மார் அணையவிடவில்லை. ஊருக்கு ஒருவர் இருவர் மந்திரங்களையும் கற்பனைகளையும் மனனமாக வைத்திருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தனர். மாந்தையிலிருந்த குடும்பங்கள் சில, தம் கோவிலில் இருந்த தேவமாதாவின் திருச்சுரூபத்தை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்து மருதமடுவிலே குடியேறினர் என்பது எமது மரபு. இன்று இலட்சக்கணக்கானோர் யாத்திரை போகும் மடுத் திருப்பதி, குருவானவர் இல்லாத காலத்தில் பொதுநிலை மக்கள் தம் தோளிலே சுமந்து காத்த செல்வம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கோவாவின் மைந்தன்

இம்மக்களின் துயரம் கடல் கடந்து கோவாவில் ஒரு வாலிபக் குருவின் செவிக்கு எட்டியது. யோசேவாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி கோவாவைச் சேர்ந்த பெனாவ்லிம் என்னும் ஊரில், தாயாரின் இல்லத்தில் பிறந்தார். தந்தையின் ஊர் சங்குவாலே. தந்தை பெயர் கிறிஸ்தோவாவோ வாஸ். தாயார் மரிய மிராண்டா. கொங்கணிப் பிராமணக் குலத்திலிருந்து மனந்திரும்பிய குடும்பம் அது. இயேசு சபையாரின் புனித பவுல் கல்லூரியிலும், பின்னர் சாமிநாதர் சபையாரிடத்திலும் கல்வி கற்று 1676ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு ஆகஸ்து 5ஆம் திகதி ஒரு பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டார். அது காணி உறுதியன்று. தம்மைத் தேவமாதாவுக்கு என்றென்றைக்கும் அடிமையாக ஒப்புக்கொடுக்கும் அடிமைச் சீட்டு. உயர் குலத்தில் பிறந்த ஒருவர், கல்வியும் மதிப்பும் உள்ள ஒருவர், தம்மை அடிமை என்று எழுதிக் கையொப்பமிட்டார். அன்னாருடைய பிற்கால வாழ்வு முழுவதும் அச்சீட்டின் விளக்கவுரை என்றே நாம் கொள்ளலாம்.

இலங்கைக்குப் போக வேண்டும் என்பதே அவருடைய ஆவல். ஆனால் மேலிடம் 1681ஆம் ஆண்டில் அவரைக் கனரா நாட்டுக்கு அனுப்பியது. அங்கே போர்த்துக்கல் அரசின் உரிமைக்கு உட்பட்டவர்களுக்கும் உரோமையிலிருந்து நேரடியாக நியமனம் பெற்றவர்களுக்கும் இடையே பெரும் சச்சரவு நிலவியது. அடிகளார் எவரையும் பகைத்துக்கொள்ளாமல், மக்களின் ஆன்மாக்களையே கருத்திற்கொண்டு மூன்று ஆண்டுகள் உழைத்தார். தமக்கு விருப்பமான இடத்துக்கு அனுப்பவில்லையே என்று அவர் முறுமுறுக்கவில்லை.

கோவாவுக்குத் திரும்பியபின், சுதேசக் குருக்கள் சிலர் கூடிச் செப வாழ்வு வாழ்ந்துவந்த ஒரு சிறு குழுவில் 1685ஆம் ஆண்டு சேர்ந்தார். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரைத் தம்முள் ஏற்கத் தயங்கிய காலம் அது. இக்குருக்களோ புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவி, ஒறற்றோரியன் சபையாகத் தம்மை அமைத்துக்கொண்டனர். பிற்காலத்தில் இலங்கைத் திருச்சபையை ஒன்றரை நூற்றாண்டு வரை தாங்கி நின்றவர்கள் இச்சிறு சபையினரே. எந்த அரசனின் கப்பலும் அவர்களைச் சுமந்து வரவில்லை; எந்தக் கோட்டையின் பீரங்கியும் அவர்களுக்குக் காவலாக நிற்கவில்லை. ஆசியர் ஆசியருக்கு நற்செய்தி அறிவிக்கப் புறப்பட்ட வரலாறு இது.

வாயிலில் வந்த பிச்சைக்காரன்

1686ஆம் ஆண்டு அடிகளார் கோவாவை விட்டுப் புறப்பட்டார். கூட வந்தவர் யோவான் என்னும் பணியாள் ஒருவரே. கரையோரமாக நடந்து தெற்கே வந்து தூத்துக்குடியை அடைந்தார்கள். அங்கே அடிகளார் தமிழ் கற்றார். எமது மக்களிடம் வருமுன் எமது மொழியைப் படிக்க வேண்டும் என்று எண்ணினாரே, அந்த மரியாதையை நாம் கவனிக்க வேண்டும். 1687ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் காலத்தில், பிச்சைக்காரனின் உடையில், யாழ்ப்பாண மண்ணில் கால் வைத்தார்.

அவருக்குக் கிடைத்த வரவேற்பு என்ன? பயணத்தின் அலுப்பினாலும் பட்டினியினாலும் இருவரையும் வயிற்றுக் கடுப்பு நோய் பிடித்தது. தொற்று நோய் என்று அஞ்சிய ஊரவர், பட்டணத்துக்குப் புறம்பே ஒரு குடிலில் இருவரையும் விட்டுவிட்டனர். அங்கே ஒரு பெண்மணி நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய பெயர் வரலாற்றில் இல்லை. தான் கஞ்சி வார்ப்பது குருவானவருக்கு என்று அவளுக்குத் தெரியாது. ஏழைக்கு இரங்கினாள், அவ்வளவுதான். இலங்கைத் திருச்சபையின் மறுமலர்ச்சி அந்தக் கஞ்சிக் கலயத்திலே தொடங்கிற்று என்று சொன்னால் மிகையாகாது. இந்தப் பங்கிலும் பெயர் எழுதப்படாமல் கஞ்சி வார்க்கும் கைகள் பல உண்டு. பொன்விழா மலரில் நன்கொடையாளர் பட்டியல் வரும். அப்பட்டியலில் இடம்பெறாதவர்களை ஆண்டவர் அறிவார்.

உடல் தேறியதும் அடிகளார் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அது வயிற்றுக்காக எடுத்த பிச்சை மாத்திரமன்று. அச்செபமாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது, யாருடைய கண் கலங்குகிறது என்று பார்த்தார். அவ்விதம் கத்தோலிக்கர் யாவர் என்று கண்டுகொண்டார். மெல்ல மெல்ல அவர்களும் அவரை யாரென்று அறிந்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு குருவானவர் தம் வாயிலில் நிற்கக் கண்ட அந்த முதற் குடும்பத்தின் மகிழ்ச்சியை எவர் விவரிக்கக் கூடும்!

சில்லாலையும் நத்தார் இரவும்

யாழ்ப்பாணப் பட்டணத்தில் தங்குவது ஆபத்தாக இருந்தபடியால், விசுவாசத்தில் உறுதியான சில்லாலைக் கிராமம் அடிகளாரைத் தன்னிடம் ஏற்றுக்கொண்டது. பகலில் மறைந்திருந்து இரவிலே ஊர் ஊராகச் சென்றார். ஒரு வீட்டில் பாவசங்கீர்த்தனம் கேட்பார். இன்னொரு வீட்டில் ஞானஸ்நானம் கொடுப்பார். விடியுமுன் திருப்பலி நிறைவேற்றிவிட்டு அடுத்த ஊருக்கு நடந்துவிடுவார். கூலிக்காரனாகவும் பிச்சைக்காரனாகவும் வேடம் மாறினார். சில்லாலை முழுவதும் அறிந்திருந்த ஓர் இரகசியத்தை ஒரு வாயும் ஒல்லாந்தருக்குச் சொல்லவில்லை. பணத்துக்கும் பதவிக்கும் ஆசைப்பட்டு ஒருவன் வாய் திறந்திருந்தால் போதும், யாவும் முடிந்திருக்கும்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவு வந்தது. யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்காக மக்கள் ஒரு வீட்டில் கூடியிருந்தபோது ஒல்லாந்தப் படைவீரர் உட்புகுந்தனர். பீடத்துப் பொருட்களைச் சிதைத்து, பெருந்தொகையானோரைப் பிடித்துச் சென்றனர். அடிகளார் மட்டும் அவர்கள் கையில் அகப்படவில்லை. பிடிபட்டவர்களில் முதன்மையான எண்மர் கொடூரமாகச் சவுக்கால் அடிக்கப்பட்டனர். சீர்திருத்த சபையிலிருந்து கத்தோலிக்க மறைக்கு வந்திருந்த ஒருவர் அந்த அடியினாலேயே உயிர்நீத்தார். மற்றையோர் கோட்டையில் கடும் வேலைக்குத் தள்ளப்பட்டனர். விசுவாசத்தை மறுதலித்திருந்தால் விடுதலை பெற்றிருப்பார்கள். மறுதலிக்கவில்லை.

யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்க்கிறபோது நாம் ஒல்லாந்தரின் கட்டடக் கலையைப் புகழ்கிறோம். அங்கே கல் சுமந்து விசுவாசத்துக்காக மடிந்த எம்மவர்களை நினைப்பவர் சிலரே. இவர்கள் குருக்கள் அல்லர், கன்னியர் அல்லர், எம்மைப் போலக் குடும்பமும் காணியும் கடனும் உள்ள மனிதர்.

கண்டி மாநகரில் கைதி

தம் நிமித்தம் மக்கள் துன்புறுவதைக் கண்ட அடிகளார் 1690ஆம் ஆண்டு ஒல்லாந்தரின் எல்லையைக் கடந்து, கண்டி அரசுக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். அங்கிருந்து 1692ஆம் ஆண்டு தலைநகராகிய கண்டிக்குப் போனார். அரண்மனையில் செல்வாக்குடைய பிரெஞ்சுக்காரர் ஒருவர், கல்வினின் போதனையைப் பின்பற்றியவர், இவர் போர்த்துக்கேய ஒற்றன் என்று கோள் சொன்னார். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அடிகளாரைக் காவலில் வைத்தான். காவலில் இருந்த காலத்தை அடிகளார் வீணாக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் ஒரு குடிலை அமைத்துத் தேவமாதாவுக்கு ஒப்புக்கொடுத்து, அதிலே திருப்பலி நிறைவேற்றினார். கண்டியில் வாழ்ந்த கத்தோலிக்கர் அதனைத் தேடி வரத் தொடங்கினர்.

அக்காலத்தில் நாட்டில் கடும் வறட்சி நேர்ந்தது. மழைக்கென நடந்த வழிபாடுகள் பலனளிக்காதபோது, மன்னன் அடிகளாரை மழைக்காகச் செபிக்கும்படி வேண்டினான். அடிகளார் நடுமுற்றத்தில் ஒரு பீடம் அமைத்து, அதிலே சிலுவையை வைத்து, முழந்தாளிட்டுச் செபித்தார். மழை கொட்டியது, அவரும் பீடமும் நனையவில்லை என்பது அக்காலம் தொட்டு வழங்கிவரும் வரலாறு. அதன்பின் மன்னன் அவருக்குத் தன் இராச்சியமெங்கும் சென்று போதிக்க அனுமதி அளித்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கும்படி வேண்டுகிறோம். கிறிஸ்துவின் நாமத்தைத் தரித்த ஒல்லாந்தர் துரத்திய குருவானவருக்கு, பௌத்த மன்னன் ஒருவன் அடைக்கலம் கொடுத்தான். எமது திருச்சபை இந்நாட்டில் உயிர்பிழைத்தது ஒரு பௌத்த மன்னனின் பெருந்தன்மையினாலும் ஆகும். பிற சமயத்தாரைப் பற்றி ஏளனமாக ஒரு சொல் எமது நாவில் வரும்போதெல்லாம் இதனை நினைத்துக்கொள்வோமாக.

1697ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. உற்றார் உறவினரும் நோயாளரைக் கைவிட்டு ஓடினர். காட்டோரத்தில் கிடத்தப்பட்டவர்கள் நாதியற்று மாண்டனர். அவ்வேளை கோவாவிலிருந்து வந்திருந்த தம் மருமகன் யோசேப்பு கர்வாலோ அடிகளாரோடு யோசேவாஸ் அடிகளார் தெருவில் இறங்கினார். நோயாளருக்குக் குடில்கள் அமைத்தார், புண்களைக் கழுவினார், கஞ்சி காய்ச்சி ஊட்டினார், மாண்டவர்களைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். கத்தோலிக்கரா, பௌத்தரா, எந்தச் சாதியார் என்று கேட்கவில்லை. பிராமணக் குலத்தில் பிறந்தவர் பிணத்தைத் தூக்கிக் குழியில் வைத்தார். தேவமாதாவுக்கு எழுதிக் கொடுத்த அடிமைச் சீட்டின் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும்.

ஊர்தோறும் ஓர் அண்ணாவியார்

1697ஆம் ஆண்டளவில் உதவிக்குருக்கள் வரும் வரையில், இந்தப் பெரிய தீவில் அடிகளார் தன்னந்தனியாக உழைத்தார். கொச்சி மேற்றிராணியார் அவரை இலங்கைக்குக் குருமுதல்வராக நியமித்தார். புத்தளம், மன்னார், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு, ஒல்லாந்தரின் காவல் மிகுந்த கொழும்பு என எங்கும் வெறுங்காலோடு நடந்தார். ஓர் ஊருக்கு வந்துபோனால் மறுபடியும் எப்போது வரமுடியும் என்று அவருக்கே தெரியாது. அதற்கு அவர் செய்த ஏற்பாடுதான் எமது கவனத்துக்கு உரியது.

ஒவ்வோர் ஊரிலும் நம்பிக்கைக்குரியவர்களைத் தெரிந்து, மூப்பராகவும் அண்ணாவியாராகவும் அமர்த்தினார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுதல், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தல், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுத்தல், நோயாளரைச் சந்தித்து நல்மரணத்துக்கு ஆயத்தப்படுத்தல், இறந்தவர்களை அடக்கம் செய்தல் ஆகியவை அவர்களுடைய பொறுப்பாயின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு பொதுநிலையினரின் அப்போஸ்தலத்துவம் பற்றித் தனி ஏடு ஒன்றை வெளியிட்டது. அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே அடிகளார் அதனை இம்மண்ணிலே நடைமுறையில் காட்டியிருந்தார்.

1705ஆம் ஆண்டு வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளாரைக் கொண்டு சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் தோன்றச் செய்தார். தபசு காலத்தில் ஆண்டவரின் பாடுகளை எண்ணி எமது மக்கள் கண்ணீரோடு வாசித்துவரும் வியாகுலப் பிரசங்கம் கொன்சால்வேஸ் அடிகளாரின் கொடையே. குரு இல்லாத ஊரில் புத்தகம் குருவாக நிற்க வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம்.

அடிகளாரின் புகழ் இந்தியாவெங்கும் பரவியது. அப்போது புதுச்சேரிக்கு வந்திருந்த பாப்பானவரின் தூதர் தூர்நோன் ஆண்டகை, அன்னாருக்கு மேற்றிராணியார் பதவி கிடைக்க வேண்டுமென விரும்பினார். அடிகளார் தாழ்மையோடு மறுத்துவிட்டார். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதி கண்டியில், கையில் மெழுகுதிரியோடும் நாவில் இயேசுவின் நாமத்தோடும் உயிர்நீத்தார். வாழ்நாள் முழுவதும் செய்யாமல் விட்டதை மரண வேளையில் எளிதாய்ச் செய்துவிட முடியாது என்பதே சூழ நின்ற சகோதரருக்கு அவர் விட்டுச்சென்ற புத்திமதி. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. இருபத்து நான்கு ஆண்டுகள் எமக்காக உழைத்த அவர் ஒரு முறையேனும் தம் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை.

அவரைக் கண்டியிலேயே அடக்கம் செய்தனர். பின்வந்த கலகங்களில் அக்கோவில் அழிந்தது. இன்று அவருடைய கல்லறை எவ்விடத்தில் உள்ளது என்று எவரும் அறியார். ஒரு சலவைக்கல்லோ, பெயர்ப்பலகையோ இல்லை. ஆனால் அவர் அமர்த்திய அண்ணாவிமாரும் மூப்பர்மாரும் நிலைத்தனர். 1796இல் ஒல்லாந்தர் அகன்றனர். 1806இல் ஆங்கிலேயத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். அப்போது இந்நாட்டில் பெருந்தொகையான கத்தோலிக்கர் தலைநிமிர்ந்து வெளியே வந்தனர். 1995ஆம் ஆண்டு சனவரி 21ஆம் திகதி பாப்பானவர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பிலே அடிகளாருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் அளித்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி பாப்பானவர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுத்தாயின் சந்நிதிக்கும் சென்று செபித்தார். பொதுநிலை மக்கள் காட்டுக்குள் காத்த அத்திருச்சுரூபமும், அம்மக்களைத் தேடி வந்த குருவானவரும் ஒரே நாளில் மகிமை பெற்றதாகவே நாம் அதனைக் காண்கிறோம்.

எமது பொன்விழாவுக்கு ஒரு கேள்வி

அன்பான பங்குமக்களே, இவையெல்லாம் பழங்கதை என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவதற்காக நாம் இங்கே கூடவில்லை. மூன்று காரியங்களை உங்கள் மனச்சாட்சியின் முன் வைக்கிறோம்.

முதலாவது, எமது பங்கிலே தாய்க் கோவிலைத் தவிர நான்கு சிற்றாலயங்கள் உண்டு. குருவானவர் ஒருவரே. மாதத்தில் ஒரு ஞாயிறே அங்கு திருப்பலி நடைபெறுகிறது. மற்ற ஞாயிறுகளில் கதவு பூட்டியிருக்கிறது. அதனால் அவற்றுள் ஒன்றை மூடிவிடலாம் என்று சிலர் எம்மிடம் கூறியதுண்டு. முப்பது ஆண்டுகள் குரு இல்லாமல், சட்டமும் தமக்கு எதிராக இருக்க, எமது முன்னோர் விசுவாசத்தைக் காத்தனர். சட்டமும் சுதந்திரமும் எம் பக்கம் இருக்க, மூன்று ஞாயிறு குருவானவர் வராததற்காக நாம் கோவிலைப் பூட்டுவோமா? ஒவ்வொரு சிற்றாலயத்துக்கும் ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக இருவர் முன்வர வேண்டும். அவர்களுக்கு வேண்டிய பயிற்சியை நாமே ஒழுங்கு செய்வோம். எண்மர் போதும். அன்று விசுவாசத்துக்காகச் சவுக்கடியை ஏற்க எண்மர் இருந்தார்கள். இன்று ஞாயிறு செபத்தை நடத்த எமது பங்கில் எண்மர் இல்லையா? கிறிஸ்து அரசர் திருநாளுக்கு முன் அந்த எட்டுப் பெயர்களையும் எதிர்பார்க்கிறோம்.

இரண்டாவது, பொன்விழாச் சுற்றுப்பிரகாரத்தில் எந்த வீதியார் திருச்சுரூபத்தைத் தூக்குவது, யார் முன்னே செல்வது என்ற பேச்சு எமது காதிலும் விழுந்தது. வீதி என்று சொல்கிறோம். சொல்ல நினைப்பது வேறு என்பது உங்களுக்கும் தெரியும், எமக்கும் தெரியும். பிராமணக் குலத்தில் பிறந்து பெரியம்மைப் பிணங்களைச் சுமந்தவரின் திருச்சுரூபத்தை, சாதி பார்த்துத் தோள் கொடுப்போமானால் அவர் அதனை ஏற்றுக்கொள்வாரா? ஆகவே இவ்வாண்டு திருச்சுரூபத்தைத் தூக்குவோரைச் சீட்டுப் போட்டுத் தெரிவு செய்வதென்று தீர்மானித்திருக்கிறோம். எல்லா வீதியாரின் பெயரும் ஒரே பெட்டியில் இருக்கும். இதனால் சிலருக்கு மனவருத்தம் உண்டாகும் என்பதை அறிவோம். அந்த மனவருத்தத்தை அவர்கள் பொன்விழாக் காணிக்கையாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பார்களாக.

மூன்றாவது, வீட்டுச் செபம். அடிகளார் கழுத்திலே மாட்டிய செபமாலையைக் கண்டு ஒரு கத்தோலிக்க வீட்டார் கண்கலங்கினர். இன்று அவர் எமது வீட்டு வாயிலில் அதே செபமாலையோடு வந்து நின்றால், எமது பிள்ளைகள் அது என்னவென்று அறிவார்களா? மாலை வேளையில் ஒரு கால்மணி நேரம் குடும்பமாக முழந்தாளிடாத வீட்டில், அடுத்த பொன்விழாவைக் கொண்டாட யார் இருப்பார்? பிள்ளைகள் பலர் தூர தேசங்களில் வாழ்கிறார்கள். அங்கே எமது கோவில் இராது. எமது மணியோசை கேட்காது. இங்கே வீட்டில் கற்ற செபம் மாத்திரமே அவர்களோடு கப்பலேறும்.

வர்ணம் பூசிய சுவர் சில ஆண்டுகளில் மங்கிவிடும். அடிகளாருக்குக் கல்லறைகூட மிஞ்சவில்லை. அவர் ஊன்றிய விசுவாசம் மிஞ்சியது. எமது பொன்விழாவிலும் எது மிஞ்ச வேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். நாளை மாலை தியானத்தின் இறுதியில், சிற்றாலயப் பொறுப்பை ஏற்க விரும்புவோர் பீடத்தின் முன் வந்து தம் பெயரைக் கொடுக்கலாம். எவருடைய வருகையையும் கைதட்டி வரவேற்கப் போவதில்லை, அவர்களுக்காகச் செபிப்போம்.

ஆயனில்லா மந்தையைத் தேடிக் கடல் கடந்து வந்த புனித யோசேவாஸ் அடிகளாரே, எமது பங்கையும், எமது குடும்பங்களையும், கடல் கடந்து வாழும் எமது பிள்ளைகளையும் நினைந்தருளும். எமக்காக வேண்டிக்கொள்ளும்.

ஆமென்.